கதவைத் திறந்த கைகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள திருவெள்ளறை பழம்பெருமை வாய்ந்த ஊராகும். அங்குள்ள புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைக் காண வருவோர், கோயிலின் புறத்தே அமைந்த கிணற்றையும் கண்டே திரும்புவர். மாற்பிடுகு பெருங்கிணறு என்பது கல்வெட்டு வழங்கும் பெயர். நாலுமூலைக் கேணி என்பது மக்கள் வழங்கும் பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஆம் ஆண்டையொட்டி, ஆலம்பாக்கத்து விசயநல்லுழான் தம்பி கம்பன் அரையன் என்பவன் இதனைத் தோண்டுவித்தான். நான்கு புறமும் படிகள் இறங்கி, நடுவழியில் மடங்கி, நீரை அடைகின்றன. மேலிருந்து நோக்கினால் கிணறு சுவஸ்திக வடிவாகத் தோன்றும். ஒரு துறையில் இறங்கியவர் மறு துறையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படார்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, இது இட்லர் கொடியில் இருக்கும் அடையாளம் அல்லவா? இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கிணறு கொடிக்கு முந்தியது என்று மட்டும் கூறி அழைத்து வந்துவிட்டேன். அவனுக்குக் கூறவேண்டிய முழு விடை என்னிடம் கடனாகவே நின்றது. நமது கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளிவிழா மலரில் அக்கடனைத் தீர்க்க முற்படுகின்றேன்.

கொடியில் ஏறிய சின்னம்

நம் நாட்டில் மங்கலக் குறியாகப் பன்னூறாண்டுகள் வழங்கிய இச்சின்னத்தை, செருமனியின் நாஜிக் கட்சியினர் 1920-இல் தம் கட்சிக் கொடியில் பொறித்தனர். 1935-இல் அதுவே அந்நாட்டின் தேசியக் கொடியாயிற்று. திருவெள்ளறைக் கிணறு அக்கொடிக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. ஆகவே குற்றம் சின்னத்தினுடையதன்று. அதனை ஏந்திய கைகளினுடையது.

அக்கைகள் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1933-இல் யூதர்கள் அரசுப் பணிகளிலிருந்தும் ஆசிரியர் பணிகளிலிருந்தும் விலக்கப்பட்டனர். அதே ஆண்டில் யூத மாணவர் சேர்க்கைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1935-இல் இயற்றப்பட்ட நூரம்பர்க் சட்டங்களின்படி, பாட்டன் பாட்டிமார் நால்வருள் மூவர் யூதராயின் பேரனும் யூதனே. அவன் எச்சமயத்தைத் தழுவினாலும், எத்துணைக் கற்றாலும் அக்கறை நீங்காது. 1938 நவம்பரில் யூதக் குழந்தைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து அறவே வெளியேற்றப்பட்டனர். 1941-இல் ஆறு வயது நிரம்பிய ஒவ்வொரு யூதரும் மஞ்சள் நிற விண்மீன் ஒன்றைச் சட்டையில் தைத்துக்கொண்டே வெளியில் வரவேண்டும் என்று ஆணை பிறந்தது.

பிறப்பினால் ஒருவனைத் தாழ்ந்தவன் எனக் குறித்தல், பள்ளியின் கதவை அடைத்தல், பொது இடங்களில் நுழையாது தடுத்தல் ஆகியவற்றை நம் சமுதாயத்தார்க்கு யாரும் விளக்கவேண்டுவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1943-இல் வெளியான தம் சிறுநூலொன்றில், யூதர்பால் நாஜிகள் கொண்ட பகைமையையும் தீண்டாதார்பால் சனாதனம் கொண்ட பகைமையையும் ஒரு தட்டில் வைத்தே நிறுத்துக் காட்டினார். எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தல் கூடாது. இங்கே நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தி உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டனர். அங்கோ, ஓர் உயிரையும் விட்டு வைத்தலாகாது என்று முடிவு செய்தனர். கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் குழந்தைகள்.

அக்கொலைக்களத்திலிருந்து உயிரோடு மீண்ட குழந்தைகள் மிகச் சிலர். அச்சிலருள்ளும் பலர், யாரோ ஒருவர் தம் வீட்டில் மறைத்து வைத்தமையால் பிழைத்தவர்கள். அத்தகைய குழந்தை ஒன்றின் வரலாற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

பள்ளிக்கூடத்துப் பரண்

இன்று உக்ரைன் நாட்டில் உள்ள சோலோச்சிவ் என்னும் நகரம் அந்நாளில் போலந்து நாட்டைச் சேர்ந்திருந்தது. அங்கே 1937 சூலை 18-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை கட்டுமானப் பொறியாளர். தாய் பள்ளி ஆசிரியை. தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த நார்வே நாட்டு வீரர் ரோல்டு அமுண்ட்சனை நினைந்து, பெற்றோர் அக்குழந்தைக்கு ரோல்டு என்று பெயரிட்டனர். உலகெங்கும் சுற்றித் திரிந்தவரின் பெயரைத் தாங்கிய அக்குழந்தை, ஐந்தாம் வயதில் ஓர் அறையைவிட்டு வெளிவர இயலாத நிலைக்கு ஆளாயிற்று.

1941-இல் செருமானியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. யூதர்கள் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் உழைப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். ரோல்டின் குடும்பமும் முகாமுக்குள் சென்றது. மனைவியும் மகனும் ஆங்கிருந்தால் பிழையார் என்பதை உணர்ந்த தந்தை, 1943 சனவரியில் காவலர்க்குக் கையூட்டுக் கொடுத்து அவர்களை வெளியே அனுப்பினார். தாம் முகாமிலேயே இருந்து, கைதிகளுக்கு ஆயுதம் சேர்த்து எழுச்சி செய்யும் முயற்சியில் பங்கு கொண்டார். அம்முயற்சி வெளிப்பட்டு, அதே ஆண்டில் கொல்லப்பட்டார்.

தாயும் மகனும், அவர்களோடு இரண்டு மாமன்மாரும் ஓர் அத்தையும் சென்று ஒளிந்த இடம் எது? அது ஒரு பள்ளிக்கூடம்! உனிவ் என்னும் சிற்றூரின் பள்ளி ஆசிரியர் மிக்கோலா டியூக் என்பவரும் அவர் மனைவி மரியாவும் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தனர். டியூக் யூதர் அல்லர், உக்ரைனியர். மனைவி மக்களோடு வாழ்ந்த சிற்றூர் ஆசிரியர். யூதர்க்கு இடம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று அப்பகுதியில் 1941-லேயே ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. அதனை அறிந்தே அவர் பள்ளிக்கூடத்துப் பரணையும் பொருள் அறையையும் ஐந்து உயிர்களுக்குத் திறந்துவிட்டார்.

1943 சனவரி முதல் 1944 சூன் வரை, ஏறத்தாழ 18 மாதங்கள் அச்சிறுவன் அங்கு வாழ்ந்தான். தும்மலும் இருமலும் உயிருக்கு உலை வைக்கும் வாழ்க்கை அது. ஐந்து வயதுச் சிறுவன் ஓடக்கூடாது, உரக்கச் சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. வெளியே ஏனைய குழந்தைகள் பள்ளிக்கு வந்து ஆடிப் பாடி வீடு திரும்புவர். அவனோ அதே பள்ளிக்கூடத்தில் இருந்தும் பள்ளிக்குச் செல்ல இயலாதவன்.

இவ்விடத்தில் நம் நெஞ்சம் சாத்தாராவை நோக்கிச் செல்லாமல் இராது. அங்கே வகுப்பறையின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தூக்கி வந்த கோணிப்பையின்மீது அமர்ந்து, கடைநிலை ஊழியர் உயரத்திலிருந்து ஊற்றினால் மட்டுமே நீர் பருகக்கூடிய நிலையில் படித்த சிறுவன் பீமராவ் நம் நினைவுக்கு வருகின்றான். பள்ளிக்குள் இருந்தும் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகள் இருவர். ஒருவனுக்குக் காரணம் போர்க்கால வெறி. மற்றவனுக்கோ அன்றாட வழக்கம்.

ரோல்டின் தாய் ஆசிரியை அல்லவா! பரணில் பழைய பாடநூல்கள் கிடந்தன. அவற்றைக் கொண்டு அவர் மகனுக்கு எழுத்தறிவித்தார். புவியியல் நூலிலிருந்து நாடுகள், கடல்கள், நகரங்கள் ஆகியவற்றை மனப்பாடம் செய்வித்து, மெல்லிய குரலில் வினா எழுப்பி விடை பெற்றார். பத்தடி நடக்க இடமில்லாத குழந்தை, கடல்களின் பெயரைக் கற்றது. கல்வி என்பது யாது என்று என்னை எவரேனும் வினவினால், இந்தப் பரணையே சுட்டிக்காட்டுவேன்.

போருக்குப் பின் தாயும் மகனும் அகதி முகாம்கள் பலவற்றைக் கடந்து 1949-இல் அமெரிக்கா சேர்ந்தனர். ஆங்கிலம் அவன் கற்ற ஆறாவது மொழி. தாயின் மறுமணத்தால் குடும்பப் பெயர் மாறியது. ரோல்டு ஹாப்மன் என்னும் பெயரில் வேதியியல் பேராசிரியராகி, வேதிவினைகள் எவ்வழியே நிகழ்கின்றன என்பதை விளக்கியமைக்காக, ஜப்பானிய அறிஞர் கெனிச்சி புக்குயியுடன் சேர்ந்து 1981-இல் நோபல் பரிசு பெற்றார். 2006-இல் தம் மகனுடன் அவ்வூருக்குச் சென்றார். பரண் அப்படியே இருந்தது. அவர் ஒளிந்திருந்த பொருள் அறையோ வகுப்பறையோடு இணைக்கப்பட்டிருந்தது. அது வேதியியல் வகுப்பறை!

நமக்கு அண்மையில் நிகழ்ந்தது

இஃது எங்கோ ஐரோப்பாவில் நிகழ்ந்த கதை என்று இளைஞர்கள் எண்ணலாம். அவ்வாறன்று. நம் கடற்கரையிலிருந்து சில கல் தொலைவில், நம் மொழி பேசும் குழந்தைகளும் இவ்வாறு ஒளித்து வைக்கப்பட்டனர்.

1983 சூலை 23-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் போராளிகளால் கொல்லப்பட்டனர். மறுநாள் கொழும்பு பொரளை இடுகாட்டில் அவர்களை அடக்கம் செய்யத் திரண்ட கூட்டத்திலிருந்து வன்முறை வெடித்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை முதலிய பகுதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எவ்வீடு தமிழர் வீடு என்பதை அவர்கள் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. வெலிக்கடைச் சிறையில் சூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். மாண்டோர் தொகையை அரசு சில நூறு என்றது. தமிழர் அமைப்புகள் மூவாயிரம் வரை என்றன. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வீடிழந்தனர். 2004-இல்தான் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்க இக்கொடுமைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

நம் சமுதாயத்தார்க்கு இதில் இரத்த உறவே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகத் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோருள் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்களே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. 1977-இலும் 1983-இலும் தோட்டத்து லயன்களும் தாக்குதலுக்குத் தப்பவில்லை.

ஆயினும் அதே நாட்களில் சிங்களக் குடும்பங்கள் பல, முஸ்லிம், பறங்கியர் குடும்பங்கள் சில, அண்டை வீட்டுத் தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தன. இதுவும் வரலாறே. தீயிட்டவனை எழுதுகின்ற ஏடு, கதவைத் திறந்தவனையும் எழுதுதல் வேண்டும்.

எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரு பலகையில் அமர்ந்த நண்பன் அவ்வாறு காக்கப்பட்டவன். 1984-இல் அவன் குடும்பம் எங்கள் ஊருக்கு அருகே உறவினர் வீட்டில் வந்து தங்கியது. கதவு பலமாகச் சாத்தப்பட்டால் அவன் உடல் குலுங்கும். நெடுநாள் கழித்துத்தான் காரணத்தைக் கூறினான். அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த சிங்கள மூதாட்டி ஒருவர், அவனையும் தாயையும் தங்கையையும் அரிசி மூட்டை அடுக்கிய பின்னறையில் மூன்று நாள் வைத்துப் பூட்டினாராம். கூட்டத்தார் வாயிலில் வந்து கேட்டபோது, தம்மைத் தவிர எவரும் இல்லை என்று திண்ணையிலேயே அமர்ந்திருந்தாராம். தங்கைக்கு வயது நான்கு. அக்குழந்தைக்கு அவர் கற்பித்தது ஒன்றே: "அம்மா என்று அழு, அப்பா என்று அழாதே." சிங்களத்திலும் தாயை அம்மா என்றே அழைப்பர், தந்தையைத் தாத்தா என்பர். அம்மா என்ற சொல் எவரையும் காட்டிக் கொடாது. அப்பா என்ற ஒரு சொல் நான்கு உயிரையும் மாய்த்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். ஒரு நாள் அவன் வீட்டுக்குச் சென்று குடிக்க நீர் கேட்டேன். அவனுடைய பாட்டியார் என் தெருவை விசாரித்தறிந்து, செம்பைத் தராமல் என் கையில் ஊற்றினார். பிறந்த மண்ணைப் பறிகொடுத்து, உயிரை மட்டும் சுமந்து வந்த அவர், சாதியையும் தவறாமல் சுமந்து வந்திருந்தார். என் நண்பன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை எங்கள் தெருவுக்கு வந்து, என் தாயாரிடம் நீர் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டுச் செம்பிலேயே வாய் வைத்துக் குடித்தான். என் தாயார், "இருந்து சாப்பிட்டுப் போ தம்பி" என்றார். அவன் இருந்து உண்டான். பின்னறையில் மூன்று நாள் கற்ற பாடத்தை அவன் மறக்கவில்லை என்றே கருதுகின்றேன்.

துன்புற்றவர் யாவரும் தூயவர் ஆகிவிடுவதில்லை. துன்பத்திலிருந்து பாடம் கற்றல் தானாக நிகழ்வதன்று. அவரவர் முயன்று கற்கவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

ஒளித்துக் காத்தல் நம் வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தின்மீது பாய்ந்தபோது, சுதர்சன சூரியின் சிறுமைந்தர் இருவரை வேதாந்த தேசிகர் பிணங்களுக்கிடையே மறைந்திருந்து காத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். 1983-க்குப் பின் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். நம் மாவட்டத்தில் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் முகாம்கள் அமைந்தன. காலம் மாறும், துரத்துவோர் பெயரும் துரத்தப்படுவோர் பெயரும் மாறும். துரத்தப்படும் குழந்தையின் தேவை மட்டும் மாறுவதில்லை. திறக்கும் கதவு ஒன்றே அதற்கு வேண்டும்.

பதிவேடும் சாவியும்

இனி நம் இளைஞர்களுக்குச் சில சொற்கள்.

பட்டியல் தயாரித்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். செருமனியில் யூதர் பெயரைத் தொகுத்தவர்கள் எழுத்தர்கள், அலுவலர்கள், பட்டம் பெற்றவர்கள். கொழும்பில் வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பட்டியல் கொலைக்கு வழிகாட்டியாயிற்று. அதே போர்க்காலத்தில் போலந்தின் வார்சா நகரில் ஐரினா செண்ட்லர் என்னும் சமூகப் பணியாளரும் ஒரு பட்டியல் எழுதினார். அவரும் அவர் தோழியரும் யூதக் குழந்தைகளை அடைப்பகுதியிலிருந்து இரகசியமாக வெளியேற்றிக் குடும்பங்களிலும் மடங்களிலும் ஒப்படைத்தனர். அவ்வாறு காக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,500 பேர் என்பர். குழந்தைகளின் உண்மைப் பெயர்களை மெல்லிய தாளில் எழுதிச் சாடிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். போர் முடிந்தபின் குழந்தைகள் தம் உற்றாரைக் கண்டடைதல் வேண்டும் என்பதே நோக்கம். 1943-இல் கைதாகிக் கொடிய வதைக்கு ஆளானபோதும் அப்பெயர்களை அவர் வெளியிடவில்லை. தாளும் மையும் ஒன்றே. எழுதிய நெஞ்சமே வேறு.

ஒவ்வொரு சூன் மாதமும் நான் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை எழுதுகின்றேன். அதில் வகுப்பு எது என்று ஒரு பத்தி உண்டு. நம் பிள்ளைக்கு உதவித்தொகையும் விடுதியில் இடமும் கிடைப்பது அப்பத்தியால். அதே பத்தியைப் பார்த்துப் பிள்ளையைக் கடைசிப் பலகைக்கு அனுப்பிய ஆசிரியரையும் என் மாணவப் பருவத்தில் கண்டிருக்கின்றேன். அன்று அப்பதிவேடு நம் கையில் இல்லை.

இன்றோ நிலை மாறி வருகின்றது. நமது சங்கத்தின் உதவியால் கற்ற பிள்ளைகள் ஆசிரியராகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் காவலராகவும் செவிலியராகவும் பணியாற்றுகின்றனர். இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் ஈட்டிய பெருஞ்செல்வம் இதுவே. பதிவேடும் சாவியும் நம் கைக்கு வந்துள்ளன. அச்சாவியால் எதைத் திறக்கப்போகின்றோம்?

நம்மினும் எளியாரைக் கீழாக எண்ணும் பழக்கம் நம் தெருக்களில் அறவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துக் கூற இயலுமா? செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்தோரின் குழந்தைகள் நம் பள்ளிகளில் சேர்கின்றனர். அவர்களுடைய தமிழைக் கேட்டு நகைப்போருள் நம் பிள்ளைகளும் உளர். பள்ளிக்கு வெளியே நின்ற பாட்டன்மாரின் பேரர்கள் நாம். நகைப்பதற்கு நமக்கு ஏது உரிமை?

மிக்கோலா டியூக் படை நடத்தியவர் அல்லர். மேடை ஏறியவர் அல்லர். அவரிடம் இருந்தவை ஒரு பள்ளிக்கூடமும், ஒரு பரணும், அதன் சாவியுமே. அம்மூதாட்டியிடம் இருந்தது ஒரு பின்னறை. அவையே போதுமானவையாயின. நம்மிடம் அவற்றிற்குக் குறைவாக ஒன்றும் இல்லை.

கிணற்றின் விளிம்பில் நின்று வினா எழுப்பிய மாணவனுக்கு என் விடை இதுதான். தம்பி, ஒரே வடிவத்தை ஒருவன் கொடியில் ஏற்றிக் குழந்தைகளைக் கொன்றான். மற்றொருவன் மண்ணில் தோண்டி ஊரார் தாகம் தீர நீர் கொடுத்தான். அந்நீரும் எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டுதல் வேண்டும் என்பதற்காகவே அண்ணல் 1927-இல் மகாதுக் குளத்தில் இறங்கினார். நீ எதைத் தோண்டப் போகின்றாய், யாருக்காகத் தோண்டப் போகின்றாய் என்பதே நீ கற்ற கல்வி விடுக்கும் வினா.

நமது சங்கம் பொன்விழாக் காணும் நாளில் இம்மலரைப் புரட்டும் பிள்ளைகள், தம் முன்னோர் கற்றனர் என்பதோடு நில்லாது, கதவையும் திறந்தனர் என்று படிக்கும்படி வாழ்வோமாக.